காணாமல் போன ரேம்: லினக்ஸ் தேடுவதில்லை, கேட்டுக்கொள்கிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டர்வர்த்தில் எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே இருக்கும் பையன் மடிக்கணினியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்து நின்றான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி ரேமையும் தானே போட்டிருக்கிறான்.

"அண்ணே, 16 இருக்கணும். 7.6 தான் காட்டுது. உபுண்டு, மிண்ட், ஃபெடோரா மூணும் மாத்திப் பார்த்துட்டேன்."

சனிக்கிழமை முழுதும் அதற்கே போயிருக்கிறது. யாரோ வாட்சப்பில் "லினக்ஸ் சில ரேமைக் கண்டுபிடிக்காது, வேற வெர்ஷன் போடு" என்று சொன்னார்களாம். இப்படிச் சொல்பவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். குழப்பமெல்லாம் "கண்டுபிடிக்காது" என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. லினக்ஸ் ரேமைக் கண்டுபிடிப்பதே இல்லை. எவ்வளவு இருக்கிறது என்று வேறொருவரிடம் கேட்டு, அவர் சொன்னதை நம்பிக்கொள்கிறது.

அந்த வேறொருவர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாடகை வீடும் பூட்டிய அறையும்

ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: "முன் அறை, நடு அறை, சமையலறை உங்களுக்கு. பின் அறையில எங்க சாமான் கிடக்கு, அது பூட்டியிருக்கும்." நீங்கள் சரி என்று குடியேறுகிறீர்கள். சுவரைத் தட்டிப் பார்த்து வேறு அறை ஒளிந்திருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. மாடியில் ஓர் அறை இருப்பது வீட்டுக்காரருக்கே தெரியாவிட்டால் உங்களுக்கும் தெரியப்போவதில்லை. குடித்தனக்காரரை மாற்றினாலும் அந்த அறை திறக்காது.

வீடுதான் ரேம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். மின்சாரம் போனால் காலியாகிவிடும். குடித்தனக்காரர்தான் கெர்னல். இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்து, மற்ற நிரல்களுக்கெல்லாம் நினைவகத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பகுதி அது. லினக்ஸ் என்ற பெயர் சரியாகச் சொன்னால் இந்தக் கெர்னலுக்கு உரியது. உபுண்டு, மிண்ட் எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய மூட்டைகள். வீட்டுக்காரர்தான் ஃபர்ம்வேர். மதர்போர்டிலேயே பதிந்திருந்து, சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல். பழைய வகைக்குப் பயாஸ் என்றும் புதிய வகைக்கு யூஇஎஃப்ஐ என்றும் பெயர். கடைக்காரர்கள் இரண்டையும் பயாஸ் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

மடிக்கணினி எழும்போது பயாஸ் ஒரு பட்டியலைத் தயார் செய்கிறது. "இந்த முகவரியிலிருந்து இதுவரை பயன்படுத்தலாம். இதிலிருந்து இதுவரை ஒதுக்கப்பட்டது, தொடாதே." இதற்கு நினைவக வரைபடம் என்று பெயர். கெர்னல் எழுந்ததும் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இந்தப் பட்டியலை வாங்குவது. டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் ஓட்டினால், தொடக்கத்திலேயே "பயாஸ்-இ820" என்று தொடங்கும் வரிகள் தெரியும். பெரும்பாலான வரிகளின் கடைசியில் "யூசபிள்" அல்லது "ரிசர்வ்டு" என்று இருக்கும். வீட்டுக்காரர் கொடுத்த பட்டியல் அதுதான், எழுத்துக்கு எழுத்து.

கெர்னலே ஒவ்வோர் இடமாக எழுதிப் பார்த்து, ரேம் இருக்கிறதா என்று சோதிக்கக் கூடாதா? ஆபத்து. ஒரு முகவரியின் அந்தப் பக்கம் ரேம்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நெட்வொர்க் கார்டும் இருக்கலாம், திரைக்கான சில்லும் இருக்கலாம். கண்டபடி எழுதினால் அந்தச் சாதனம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதாவது செய்துவிடும்.

சுருக்கமாக: ரேம் இருக்கிறதா என்று பார்ப்பது பயாஸ், பட்டியல் போடுவதும் பயாஸ், பட்டியலை நம்பிக் குடித்தனம் நடத்துவது கெர்னல்.

முதலில் மூன்று எண்களை எழுதுங்கள்

ஆகவே ரேம் குறைகிறது என்றால், எந்தக் கைமாற்றத்தில் குறைந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்கள் போதும்.

முதல் எண், ரேம் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளது. இரண்டாவது, பயாஸ் திரையில் காட்டுவது. சுவிட்சைப் போட்டதும் எஃப்2 அல்லது டிலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்தத் திரை வரும், சிலவற்றில் வேறு பொத்தான். மூன்றாவது, லினக்ஸில் "ஃப்ரீ" கட்டளையை ஒரு கோடும் எச் எழுத்தும் சேர்த்து ஓட்டினால் "டோட்டல்" என்ற பத்தியில் வருவது.

பையனிடம் கேட்டேன். முதல் எண் 8, 8. மூன்றாவது எண் 7.6. இரண்டாவது? பயாஸ் திரையை அவன் திறந்தே பார்க்கவில்லை. திறந்தோம். 8192 எம்பி, அதாவது 8 ஜிபி என்று இருந்தது.

இனி லினக்ஸைக் குறை சொல்ல வழியில்லை. வீட்டுக்காரருக்கே தெரியாத அறை.

முதல் கைமாற்றம்: பட்டையிலிருந்து பயாஸுக்கு

நம் ஊர் லோரிகளின் பக்கவாட்டில் சுமையோடு எடை, சுமையில்லாத எடை என்று இரண்டு எண்கள் பெயின்டில் எழுதியிருக்கும், கவனித்திருப்பீர்கள். ஏற்றியபின் எவ்வளவு, வெறும் லோரி எவ்வளவு என்று வண்டியே சொல்லிவிடும். ரேம் பட்டையிலும் அப்படி ஒன்று உண்டு. எஸ்பிடி என்ற குட்டிச் சில்லு. அந்தப் பட்டையின் அளவு, வேகம் போன்ற விவரங்களைத் தொழிற்சாலையிலேயே அதில் எழுதிவிடுகிறார்கள். பயாஸ் ஒவ்வொரு ஸ்லாட்டிலும், அதாவது பட்டை செருகும் ஒவ்வொரு பள்ளத்திலும், இந்தச் சில்லைத்தான் முதலில் படிக்கிறது. படிக்க முடியவில்லையா, அந்த ஸ்லாட் காலி என்று எடுத்துக்கொண்டு போய்விடும். மணி அடிக்காது, எச்சரிக்கையும் வராது. பட்டை உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

லினக்ஸிலிருந்தே இதைப் பார்க்கலாம். டிஎம்ஐடீகோட் என்ற கட்டளையை சூடோவுடன், நினைவக வகையை மட்டும் கேட்டு ஓட்டினால், ஸ்லாட் வாரியாக விவரம் வரும். பையனுடைய கணினியில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மற்றதற்கு "நோ மாட்யூல் இன்ஸ்டால்டு". ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தக் கட்டளையும் எதையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை, பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைத்தான் வாசிக்கிறது. விவரம் நம்பகமில்லாமல் போகலாம் என்று அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. குறிப்பாக, அதிகபட்சக் கொள்ளளவு என்று அது காட்டும் எண்ணை நம்பி ரேம் வாங்காதீர்கள்.

சரி, கணினியை முழுதாக அணைத்தோம். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் பிடுங்கினோம். தூங்க வைத்த நிலையில் இதைச் செய்யவே கூடாது, அப்போதும் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பட்டையைத் தொடுவதற்கு முன் நிலைமின்சாரம் போக ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன்.

கோளாறு கண்ணிலேயே தெரிந்தது. பட்டையின் ஓரத்தில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். பட்டை ஒழுங்காக உட்கார்ந்தால் அவை பள்ளத்துக்குள் போய், வெளியே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் தெரியும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக. இங்கே இடப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வலப்பக்கம் அரிசி அகலத்துக்கு மஞ்சளாகத் தெரிந்தது. கோணலாகப் போட்டு, மேலே அழுத்திப் பூட்டியிருக்கிறான். மடிக்கணினியின் பட்டையைச் சாய்வாக முழுதும் உள்ளே தள்ள வேண்டும். அப்புறம்தான் கீழே அழுத்த வேண்டும். பக்கத்தில் உள்ள இரண்டு கொக்கிகளும் டக்கென்று பிடிக்கும்.

எடுத்து, பற்களைச் சுத்தமான அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, திரும்பப் போட்டோம். டக். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. பையனுக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, போச்சா?" போகவில்லை. புதிய ரேமைப் பார்க்கும்போது எந்த வேகத்தில், எந்த நேர அளவில் பேசினால் சரியாக வரும் என்று பயாஸ் ஒத்திகை பார்க்கும். பயிற்சி என்றே இதற்குப் பெயர். சில கணினிகளில் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். பொறுக்க முடியாமல் நடுவில் அணைத்துவிட்டுக் கெட்டுப்போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. காத்திருந்தோம். பயாஸில் 16384 வந்தது.

உட்கார்ந்த விதம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், இரண்டு பட்டைகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பட்டையோடு நகர்ந்தால் பட்டை கெட்டது, ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட் கெட்டது. ஒரு ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்த வகை என்றால் இந்தச் சோதனைக்கு வழியில்லை, வேறொரு பட்டையை இரவல் வாங்கித்தான் பார்க்க வேண்டும். பயாஸ் பழையதாக இருந்து, அது வெளிவந்த காலத்தில் இல்லாத பெரிய பட்டையைப் போட்டாலும் இப்படி ஆகும். தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய பயாஸ் சில சமயம் தீர்த்துவைக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறைகளை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். அவற்றின் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது. போகிறது என்றால் யாரோ மிகவும் பலமாக அழுத்தியிருக்கிறார்கள்.

"அண்ணே, இன்னும் ஒண்ணு காணோம்"

லினக்ஸுக்குள் போய் "ஃப்ரீ" ஓட்டினான். 15 என்று வந்தது.

இந்த ஒன்றுதான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதற்கு எல்லாரும் சொல்லும் விளக்கமும் தப்பு. "கடைக்காரன் 1000 கணக்கில் விற்கிறான், கணினி 1024 கணக்கில் எண்ணுகிறது" என்பார்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு அது உண்மை. ரேமுக்குப் பொருந்தாது. ரேமை 1024 கணக்கில்தான் விற்கிறார்கள். 16 ஜிபி ரேம் என்றால் ஆயிரத்து எழுநூற்றுப் பதினேழு கோடியே தொண்ணூற்றெட்டு லட்சத்துச் சொச்சம் பைட். தாளில் எழுதியது முழுதும் பட்டையில் இருக்கிறது.

குறைவது வேறு வழியில். முதலாவது, பூட்டிய பின் அறை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில், திரைக்கு வேண்டிய இடத்தைப் பயாஸ் ரேமிலிருந்தே வெட்டி எடுத்துக்கொள்கிறது. சில கணினிகளில் சில பத்து எம்பிதான் போகும். சிலவற்றில் 512 எம்பி, 2 ஜிபி என்று பெரிதாகவே போகும். பயாஸில் இந்த அளவைக் குறைக்க வழி இருந்தால், விளையாட்டு எதுவும் ஆடாதவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கெர்னலின் கணக்குப் புத்தகம். கெர்னல் ரேமை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் வழக்கமாக 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. 64-இல் ஒரு பங்கு கணக்கு எழுதவே போய்விடுகிறது என்று அர்த்தம். 16 ஜிபியில் அது 256 எம்பி. அதோடு கெர்னல் தானே உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. "டோட்டல்" என்ற பத்தி இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சியதைத்தான் காட்டுகிறது. மேலும், எண் இரண்டு இலக்கமாகிவிட்டால் அந்தக் கட்டளை புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடும். 15.4 இருந்தாலும் வெறும் 15 என்றுதான் வரும்.

விண்டோஸிலும் இதே வெட்டு உண்டு. அது 16 என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பயன்படுத்தக்கூடியது இவ்வளவு என்று சின்னதாக எழுதும். பெரிய எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லினக்ஸ் ஏமாற்றுகிற மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆக, 8 போட்டு 7.6, 16 போட்டு 15 என்றால் கோளாறு இல்லை. பாதி காணோம், கால் பங்கு காணோம் என்றால்தான் தேட வேண்டும்.

வீட்டு எண் பத்தாமல் போகும் கதை

பயாஸில் முழுதாக இருக்கிறது, லினக்ஸில் மட்டும் 3 ஜிபிச் சொச்சம் என்றால் கதை வேறு.

ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், வீட்டு எண்ணுக்கு இரண்டு இலக்கம்தான் எழுதலாம் என்று விதி இருந்தால், நூறு வீட்டுக்கு மேல் கட்டினாலும் தபால்காரருக்குப் பயனில்லை. ரேமின் ஒவ்வொரு பைட்டுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. அதுதான் முகவரி. 32 இரும இலக்கங்களில், அதாவது 32 பிட்டில், எழுதினால் மொத்தம் 4,294,967,296 முகவரிகள், அதாவது 4 ஜிபி. அதிலும் எல்லா எண்ணும் வீடுகளுக்குக் கிடைக்காது. தாமானில் மின்சாரத் துணைநிலையத்துக்கும் திடலுக்கும் சில எண்கள் போகிற மாதிரி, 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே உள்ள எண்களைத் திரைச் சில்லும் நெட்வொர்க் கார்டும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 3.2, 3.5 என்று ஏதோ ஒன்று.

யூநேம் கட்டளையை ஒரு கோடும் எம் எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். எக்ஸ்86_64 என்று வந்தால் 64 பிட் கெர்னல், இந்தக் கவலை இல்லை. ஐ686 என்று வந்தால் 32 பிட். உபுண்டு 2017-இலேயே, 17.10 பதிப்போடு, 32 பிட் டெஸ்க்டாப் நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டது. இன்னும் பழைய பென்டிரைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே மட்டும்தான் பையன் செய்த மாதிரி வேறு லினக்ஸ் போடுவது உதவும்.

32 பிட் என்றாலே 4 ஜிபிதான் என்பதும் முழு உண்மை இல்லை. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலிருந்தே முகவரியை 36 இலக்கமாக நீட்டும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தும் 32 பிட் கெர்னல் 64 ஜிபி வரை பார்க்கும். மறுபக்கம், 64 பிட் போட்டும் பலனில்லாத கணினிகளும் இருந்தன. 2006 வாக்கில் வந்த இன்டெல் 945 வகை மடிக்கணினிகளில் சில்லுத் தொகுப்பே 4 ஜிபி முகவரிக்கு மேல் பேசாது. 4 ஜிபி போட்டாலும் 3.2 அளவில்தான் நிற்கும். அதைத் திருத்த எந்தக் கட்டளையும் கிடையாது. அந்தச் சில்லுகளில் எத்தனை நம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாகப் போயிருக்குமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். இன்டெல் 1972-லேயே பினாங்குக்கு வந்துவிட்டதே.

நானே பூட்டிய அறை

ஒரு முறை என் கணினியில் 8 ஜிபிக்குப் பதில் 2 ஜிபி மட்டும் தெரிந்தது. பட்டையைக் கழற்றி மாட்டினேன், பயாஸைப் புதுப்பித்தேன், இரண்டு மாலை வீண். கடைசியில் ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பார்த்தேன். கெர்னல் எழும்போது அதற்குக் கொடுத்த கட்டளைகள் அதில் இருக்கும். "மெம்" சமம் 2ஜி என்று அழகாக இருந்தது. குறைந்த ரேமில் ஒரு நிரல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு முன் நானே எழுதி வைத்து, மறந்திருக்கிறேன். கெர்னலை எழுப்பிவிடும் நிரலான க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, க்ரப்பைப் புதுப்பித்து, மறுபடி தொடக்கினால் முடிந்தது. பிறர் பயன்படுத்திய கணினியை அதிலுள்ள லினக்ஸோடு வாங்கினால் இந்தக் கோப்பை ஒரு தடவை பாருங்கள்.

"ஃப்ரீ" பத்தியைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு

"டோட்டல் சரியாக இருக்கு, ஆனா ஃப்ரீ பத்தியில 300 எம்பி தான்" என்று வருபவர்களும் உண்டு. அது காணாமல் போன ரேம் இல்லை. சும்மா கிடக்கும் இடத்தில் கெர்னல் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்கிறது, யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். "அவைலபிள்" பத்தியைப் பாருங்கள். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இந்தக் கணக்கைக் கெர்னலே போட்டுத் தருகிறது.

கடைக்கு எடுத்துப்போவதென்றால்

முழு ரேமும் தெரிந்த பிறகும் கணினி திடீர் திடீரென்று உறைந்தால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு பென்டிரைவில் போட்டு, இரவு முழுதும் ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்தப் பட்டையை நம்பாதீர்கள். பையனுடையது காலை ஏழு மணி வரை ஓடியது, ஒன்றும் வரவில்லை.

தானே திறக்கப் பயமாக இருந்தால் கடைக்கே கொண்டுபோகலாம், தப்பில்லை. "ரேம் வரல" என்று மட்டும் சொல்லாமல் அந்த மூன்று எண்களையும் எழுதி எடுத்துப்போங்கள். போன வாரம் என் அக்கா மகளை அப்படித்தான் அனுப்பினேன். தாளில் 8+8, 8192, 7.6 என்று இருந்தது. கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார், கணினியைச் சுவிட்சுகூடப் போடவில்லையாம். மேசை இழுப்பறையைத் திறந்து அழிப்பானை எடுத்திருக்கிறார்.